வாழைத்தோல் சாம்பலும் பஜ்ஜி எண்ணெயும்

கேள்வி: குடியாத்தம் பஸ் நிலையம் பக்கம் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறேன். வாரம் பத்து லிட்டர் பழைய எண்ணெய் மிஞ்சுகிறது. வாழைத்தோலைச் சுட்ட சாம்பலைப் போட்டால் அது டீசலாகிவிடும் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். நிஜமா? நிலத்தில் இருக்கும் ஆயில் இன்ஜினுக்கு ஊற்றலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: உங்கள் மகன் சொல்வது நிஜம்தான் அம்மா. ஆனால் சாம்பல் மட்டும் போதாது, மெத்தனால் என்ற நச்சுத் திரவமும் வேண்டும். எனக்குப் பயமே அங்கேதான்.

எண்ணெயை மூன்று பழம் உள்ள வாழைச் சீப்பாக நினைத்துக்கொள்ளுங்கள். பழங்கள் கொழுப்பு அமிலம், காம்பு கிளிசரின். சீப்பாக இருக்கும்வரை எண்ணெய் கெட்டி. இன்ஜின் நாசிலை அடைத்துக் கரி படிய வைக்கும். மெத்தனால் ஒவ்வொரு பழத்தையும் காம்பிலிருந்து பிரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அப்படி நீர்த்துப் போனதுதான் பயோடீசல்.

இந்தப் பிரிப்பைத் தூண்டிவிடுவது காரம். மிளகாய்க் காரமில்லை, அமிலத்துக்கு எதிரான பொருள். உர மூட்டையில் ‘சாம்பல் சத்து’ என்று போட்டிருக்குமே, அந்தப் பொட்டாசியம் வாழைத்தோலில் ஏராளம். நன்றாக எரித்தால் பொட்டாசியம் கார்பனேட் என்ற காரம் நிறைந்த சாம்பல் மிஞ்சும். தண்ணீரில் குழைத்துத் தொட்டால் விரல் வழவழக்கும். வேலை முடிந்ததும் சாம்பலை வடிகட்டி எடுத்து மறுபடி போடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் பொட்டாசியம் கொஞ்சம் கரைந்து போவதால் வீரியம் குறையும்.

காட்பாடியில் வேதியியல் ஆசிரியராக இருந்தபோது பிள்ளைகளோடு இதைச் செய்து பார்த்தேன். முதல் தடவை தோலை மைதானத்தில் கொளுத்தினோம், கறுப்புக் கரிதான் வந்தது. எண்ணெயும் ஒரு ஓட்டலில் பல நாள் காய்ந்தது, ஒரே சிக்கு வாடை. அரை மணியில் குடுவைக்குள் எல்லாம் கஞ்சி மாதிரி கெட்டிப்பட்டு, கழுவக் கழுவ நுரை வந்தது. சோப்பு! திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் அமிலம் ஏறியிருக்கும், மாவின் ஈரமும் இருக்கும். காரம் சேர்ந்தால் சோப்பாகத்தான் போகும்.

அப்புறம் கரிகிரியில் மண்பாண்டம் செய்யும் ஒருவரைக் கேட்டு, காய்ந்த தோலை அகலத் தட்டில் பரப்பி அவர் சூளையில் வைத்தோம். ஒரு கூடைத் தோலுக்கு ஒரு பிடி சாம்பல், வெளிறிய நிறத்தில். இந்த முறை இரண்டே நாள் காய்ந்த எண்ணெய். துணியில் வடிகட்டி, சலசலப்பு அடங்கும்வரை சூடாக்கி ஈரத்தைப் போக்கினோம். கால் லிட்டர் எண்ணெய்க்கு 60 மில்லி மெத்தனால், 60 டிகிரி சூடு, இரண்டு மணி நேரக் கலக்கல். மறுநாள் காலை மேலே தேன் நிறத்தில் நீர்த்த திரவம், அடியில் வெல்லப்பாகு மாதிரி கிளிசரின். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்ற முகங்கள் இன்னும் கண்ணில் நிற்கின்றன.

ஆனால் அது ஆய்வகம். மெத்தனால் 65 டிகிரிக்குள் கொதித்து ஆவியாகிவிடும். தீப்பிடித்தால் பகலில் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கொஞ்சம் வயிற்றுக்குள் போனாலே கண் போகும், உயிர் போகும். 2024 கள்ளக்குறிச்சி சாவுகளுக்கு அதுதான் காரணம். தமிழ்நாட்டில் அதை வாங்கி வைக்க உரிமம் வேண்டும். எண்ணெய்ச் சட்டி கொதிக்கும் கடையில் வேண்டவே வேண்டாம் அம்மா. மகனுக்கு ஆசை இருந்தால் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யட்டும்.

இன்ஜினுக்கு இப்போதைக்கு டீசலே ஊற்றுங்கள். சரியாகக் கழுவாத பயோடீசலும் பம்பைக் கெடுக்கும். பழைய ரப்பர் குழாயை ஊதவைக்கும்.

பத்து லிட்டரைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், புது எண்ணெயோடு கலந்து மறுபடி காய்ச்சவும் செய்யாதீர்கள். பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பும் ஏற்பாட்டை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-லேயே தொடங்கியது. யார் வந்து எடுப்பார்கள், லிட்டருக்கு என்ன தருவார்கள் என்று வேலூர் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். ஆறவைத்து, வடிகட்டி, ஈரமில்லாத கேனில் வையுங்கள்.

வாழைக்காய் பஜ்ஜிக்குச் சீவிய தோலையும் எறிய வேண்டாம். மட்கவிட்டு, நிலத்தில் கத்தரி இருந்தால் தூரில் போடுங்கள். அந்தச் சாம்பல் சத்து செடிக்கும் வேண்டியதுதான்.