ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வாட்டர்கலர் மாட்டலாமா?

கேள்வி: புது வீட்டுக்கு வந்திருக்கிறோம். ஹாலில் ஏழடி சோபா, அதற்கு மேலே வெறும் சுவர், எதிரே பெரிய ஜன்னல். அந்தச் சுவரில் வாட்டர்கலர் ஓவியங்கள் மாட்ட ஆசை. என்ன அளவில் வாங்குவது? அசல்தான் வேண்டுமா, பிரிண்ட் போதுமா? கண்ணாடி போட்டால் ஜன்னல்தான் அதில் தெரிகிறது, போடாமலே விட்டுவிடலாமா?

பதில்: எதிரே ஜன்னல் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், ஆனால் என் பதிலில் பாதி அந்த ஜன்னலைப் பற்றித்தான்.

வாட்டர்கலர் என்பது தாளில் மெல்லியதாகப் படிந்திருக்கும் நிறம், அவ்வளவுதான். எண்ணெய் ஓவியத்தில் நிறத்தைப் பொதிந்து வைத்திருக்கும் கெட்டியான எண்ணெயோ மேலே பூசும் வார்னிஷோ இதில் கிடையாது. வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் வெளுக்கும், வெளுத்தது வெளுத்ததுதான். கழற்றி நாலு மாதம் அலமாரியில் வைத்தாலும் பழைய நிறம் வராது. அருங்காட்சியகங்களில் இந்த மாதிரிப் படங்கள் இருக்கும் அறை அரையிருட்டாக இருப்பது இதனால்தான், பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் வெளிச்சம் விடுவார்கள். பகலில் ஜன்னல் பக்கம் ஆயிரம் லக்ஸைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஹென்றி வான் என்ற சேகரிப்பாளரின் உயில்படி, 1900-இல் ஆங்கிலேய ஓவியர் டர்னரின் 38 வாட்டர்கலர் ஓவியங்கள் ஸ்காட்லாந்தின் தேசியக் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. வெளிச்சம் மிகக் குறைவாக இருக்கும் ஜனவரியில் மட்டும்தான் அவற்றைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று மனிதர் நிபந்தனை போட்டிருந்தார். நூறு வருடம் தாண்டியும் அந்த நிறங்கள் புதிதுபோல இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் சோபா சுவருக்கு என் தேர்வு கோட்டோவியம். பென்சில், கரி, இந்தியன் இங்க் மூன்றிலும் கறுப்பாக இருப்பது கார்பன், வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. தாள் மஞ்சளாகலாம், அதற்குப் பருத்தித் தாளா, அமிலம் இல்லாததா என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். பால்பாயிண்ட் பேனா, ஸ்கெட்ச் பேனாவில் வரைந்தது வேண்டாம், அவற்றில் பெரும்பாலும் சாயம்தான், சீக்கிரம் மங்கிவிடும். வாட்டர்கலரை வெயில் எட்டாத உள்சுவருக்கோ படுக்கையறைக்கோ நடைபாதைக்கோ கொண்டுபோங்கள். அங்கேயும் எல்லா நிறமும் ஒன்றுபோல நிற்காது: அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் சியன்னா பழுப்பு எல்லாம் கெட்டி, பழைய அலிசரின் கிரிம்சன் சிவப்பும், கண்ணைப் பறிக்கும் ஓபரா பிங்க்கும் முதலில் ஓடிப்போகிறவை. படம் முழுக்கப் பளீர் ரோஜா நிறமாக இருந்தால் என்ன நிறமி என்று ஓவியரிடமே கேளுங்கள். நல்ல ஓவியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கண்ணாடி கட்டாயம் வேண்டும். தூசியும் ஈரமும் நேராகத் தாளில் படக் கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்தாலே நிறம் கரைந்து திட்டாகிவிடும். கண்ணாடியில் ஜன்னல் தெரிகிறது என்றால், ஜன்னல் வெளிச்சம் நேராக அங்கே வந்து விழுகிறது என்றுதானே அர்த்தம்! பிரதிபலிக்காத கண்ணாடியும் கிடைக்கிறது, புற ஊதாக் கதிரைத் தடுக்கிற வகையும் இருக்கிறது. பின்னது வெளுப்பதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கரி ஓவியத்துக்கு மட்டும் சாதாரண அக்ரிலிக் தகடு வேண்டாம், அதில் ஏறும் நிலைமின்சாரம் கரித்தூளை இழுத்துக்கொள்ளும்.

ஃபிரேம் போடக் கொடுக்கும்போது மூன்று விஷயம் சொல்லிவிடுங்கள். கண்ணாடி படத்தைத் தொடாமல் இடையில் மவுண்ட் அட்டை (நடுவில் வெட்டி எடுத்த, படத்தைச் சுற்றி வரும் தடித்த அட்டை) வர வேண்டும், அந்த அட்டை அமிலமற்றதாக இருக்க வேண்டும் (மலிவான அட்டை நாளடைவில் பழுத்து, படத்தின் ஓரத்தில் பழுப்புக் கோடு போட்டுவிடும்), பின்பக்கம் செலோடேப் கூடவே கூடாது. படத்தை மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிட்டால் போதும், ஈரப்பதத்துக்கு ஏற்பத் தாள் விரியும் சுருங்கும், நாலு பக்கமும் ஒட்டினால் நெளிந்துவிடும்.

இனி அளவு. சோபாவின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பினால் கண்ணுக்குச் சரியாக இருக்கும், உங்கள் ஏழடிக்கு அது சுமார் 56 அங்குலம். முழு வாட்டர்கலர் தாள் 22×30 அங்குலம், கால் தாள் 11×15. கால் தாள் படம் மூன்றை நெடுக்குவாக்கில் எடுத்து, சுற்றிலும் மூன்று அங்குல மவுண்டும் ஒல்லி ஃபிரேமும் போட்டால் ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம் வரும். நடுவில் இரண்டிரண்டு அங்குலம் விட்டால் மொத்தம் 58, கச்சிதம். சோபா முதுகுக்கு மேலே ஒரு சாண் விட்டு மாட்டுங்கள். வெறும் சுவர்களில் படத்தின் நடு தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்கட்டும். நிறைய வீடுகளில் படங்கள் எல்லாம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு தொங்குகின்றன, எனக்குக் கழுத்து வலிக்கிறது.

எதை வரைந்த படம் என்பது உங்கள் இஷ்டம். குஷன் நிறத்துக்குப் பொருத்தம் பார்த்து மட்டும் வாங்காதீர்கள், குஷன் உறையை நாளைக்கே மாற்றுவீர்கள். பத்தடி தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் உருவம் பிடிபட்டால் அது ஹாலுக்கு. கிட்டே போனால்தான் புரிகிற பொடிக் கோடுகள் நடைபாதைக்கு.

அசலா பிரிண்டா என்பதில் எனக்குக் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை. ஜன்னல் எதிரேதான் வண்ணம் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் நல்ல பிரிண்டே வாங்குங்கள், வெளுத்தால் மாற்றிக்கொள்ளலாம். அசல் விலைக்குப் பிரிண்டைத் தலையில் கட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூதக்கண்ணாடியில் சீரான புள்ளிகள் தெரிந்தால் அது அச்சு. அசலில் நிறம் தாளின் குழிகளில் தங்கியிருக்கும், காய்ந்த ஓரங்களில் சற்று அடர்ந்திருக்கும், சில இடங்களில் அடியில் பென்சில் கோடும் தெரியும்.

வாங்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். படத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, அதில் பாதியை அட்டையால் மூடி, இரண்டு வாரம் விடுங்கள். அளவு பொருந்துகிறதா என்று அதற்குள் தெரிந்துவிடும். அப்புறம் அட்டையை எடுத்துப் பாருங்கள்: மூடாத பாதி மட்டும் மஞ்சளாகியிருந்தால் அந்த இடம் பென்சில் ஓவியத்துக்குத்தான்.