விடுகிற லெட், தடுக்கிற லெட்

அன்புள்ள ஐயா,

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தேன். உள்ளே குடியரசுத் தலைவர் பெயரால் அச்சிட்டிருப்பதை இப்போதுதான் படித்தேன். இதை வைத்திருப்பவரை ‘வித்அவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்’ போகவிடுங்கள் என்கிறது. லெட் என்றால் அனுமதிப்பதுதானே? அனுமதி இல்லாமல் எப்படிப் போவது? அச்சுப்பிழையா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

பிழை இல்லை, தைரியமாக விமானம் ஏறுங்கள்.

பழைய ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலித்த இரண்டு வினைகள் இருந்தன. ஒன்றுக்குப் பொருள் விடு. இன்னொன்றுக்குத் தடு, தாமதமாக்கு. இன்றைய ‘லேட்’டுக்கு அது சொந்தம். போகப்போக இரண்டும் தேய்ந்து ஒரே ‘லெட்’ ஆகிவிட்டன. நம் விடுவும் தடுவும் ஒன்றாகிப்போனால் எப்படி இருக்கும்? அந்தக் கூத்துதான்.

முதல் லெட் அப்படியே நம் ‘விடு’. போக விட்டாலும் லெட், வீட்டை வாடகைக்கு விட்டாலும் லெட். தெருவுக்குத் தெரு தொங்கும் டு-லெட் பலகை இந்த வகை.

இரண்டாவதிடம் நான் மாட்டியது ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில். முதல் அங்கம், நான்காம் காட்சி. செத்துப்போன அப்பாவின் ஆவி கையசைத்துக் கூப்பிடுகிறது. பின்னால் போகத் துடிக்கும் ஹாம்லெட்டை நண்பன் ஹொரேஷியோவும் காவலன் மார்செல்லஸும் பிடித்து நிறுத்துகிறார்கள். அவன் திமிறிக்கொண்டு, என்னை ‘லெட்’ செய்பவனை ஆவியாக்கிவிடுவேன் என்கிறான். கல்லூரியில் நான் இதை ‘என்னைப் போக விடுபவனை’ என்று எழுதி, வழிவிடுகிறவனை ஏன் கொல்ல வேண்டும் என்று ஓரத்தில் கேள்வியும் கேட்டிருந்தேன். பேராசிரியர் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி மட்டும் போட்டுத் தாளைத் திருப்பித் தந்தார்.

1611இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில பைபிளில் இரண்டும் உண்டு. ஆதியாகமத்தில் ‘லெட் தேர் பி லைட்’, வெளிச்சம் உண்டாகட்டும். தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் ‘ஹி ஹூ நவ் லெட்டெத் வில் லெட்’. இந்த இரண்டாவது இடத்தில் தமிழ் பைபிள் குழப்பமே வைக்கவில்லை: ‘தடைசெய்கிறவன்’.

டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசி விழுந்தால் சொல்லும் லெட்டும் தடைதான். அதை ‘நெட்’ என்றே பல காலம் கேட்டுக்கொண்டிருந்தேன்!

சரி, பாஸ்போர்ட். சட்டக்காரர்களுக்கு ஒரு பொருளுக்கு இரண்டு சொல் போட்டால்தான் தூக்கம் வரும். அதனால் லெட், கூடவே ஹிண்ட்ரன்ஸ்; இரண்டும் தடைதான். நாமும் ‘தங்குதடையின்றி’ என்கிறோமே. அந்தத் ‘தங்கு’வைத் தனியாக எடுத்துத் தடை என்ற பொருளில் இன்று யாரும் பேசுவதில்லை. தடையின் கையைப் பிடித்துக்கொண்டு அது பிழைத்துக்கிடக்கிறது, உங்கள் பாஸ்போர்ட்டில் லெட் மாதிரி.