மல்டிபிள் எக்ஸ்போஷரில் பறவையும் பூவும் சேர்ந்தால் படம் ஏன் வெளிறிப்போகிறது?

பறவையை ஒரு ஷாட், பூவை ஒரு ஷாட் எடுத்துக் கேமராவிலேயே சேர்த்தால் எல்லாம் வெளிறிக் கலங்கிவிடுகிறது, போட்டோஷாப் இல்லாமல் முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும்.

உங்கள் கேமரா அநேகமாக ‘அடிட்டிவ்’ முறையில் இருந்திருக்கும். அதில் இரண்டு ஷாட்டின் வெளிச்சமும் அப்படியே கூடும். ஆகவே இரண்டு ஷாட் என்றால் ஒவ்வொன்றையும் 1 ஸ்டாப் (அதாவது பாதி வெளிச்சத்துக்கு), நான்கு என்றால் 2 ஸ்டாப் (கால் பங்குக்கு) குறைத்து எடுக்க வேண்டும். ‘ஆவரேஜ்’ முறையில் இந்தக் கணக்கைக் கேமராவே பார்த்துக்கொள்ளும். ஆனால் பறவையும் பூவும் ஆளுக்குப் பாதியாகக் கரைந்து நிற்கும்; எனக்கு அது அவ்வளவாகப் பிடிப்பதில்லை.

பறவைக்கு நான் வைப்பது கேனானில் ‘பிரைட்’, நிக்கானில் ‘லைட்டன்’. ஒவ்வொரு புள்ளியிலும் எந்த ஷாட் வெளிச்சமாக இருக்கிறதோ அதுதான் மிஞ்சும். சிறகை விரித்துக் காயவைக்கும் நீர்க்காகம் ஒன்றை வெளுத்த வானத்துக்கு எதிரே கரிய நிழலுருவமாக எடுங்கள். அதன்மேல் பூவை எடுத்தால், வானத்தில் பூ ஒட்டாது. பறவையின் உடலுக்குள் மட்டும் இதழ்கள் இறங்கும். சிறகின் ஓரம் கத்தரித்தது போல அப்படியே இருக்கும். இதே இரண்டு ஷாட்டையும் ‘டார்க்’ முறையில் சேர்த்தால் எல்லாம் தலைகீழ்: பறவை கறுப்பாகவே நிற்கும், வானம் முழுக்கப் பூ.

வெள்ளைக் கொக்கு என்றால் பின்னணி இருட்டாக இருக்க வேண்டும். அப்போது ‘பிரைட்’ முறையில் கொக்கு வெள்ளையாகவே இருக்க, சுற்றியுள்ள இருட்டில் பூ நிரம்பும். இதில் ஒரு சிக்கல் உண்டு. கொக்கின் கண்மணி கறுப்பு. பூவின் வெளிச்சமான இதழ் சரியாக அதன்மேல் விழுந்தால் கண் காணாமல் போய்விடும், அப்புறம் படத்தில் உயிரே இருக்காது. லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில் பார்த்தால், முதல் படம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்து, இதழ்களுக்கு நடுவே உள்ள நிழல் கண்மேல் வருகிற மாதிரி கேமராவை நகர்த்துங்கள். பூவையும் அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் குறைத்தே எடுங்கள்.

பறவையைத்தான் முதலில் எடுக்க வேண்டும். பூ எங்கும் பறந்துவிடாது. கேனானில் மல்டிபிள் எக்ஸ்போஷர் வசதியுள்ள பல மாடல்களில், கார்டில் ஏற்கெனவே உள்ள ரா படத்தையே (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) முதல் ஷாட்டாக வைத்துக்கொள்ளலாம். பறவை இன்று, பூ அடுத்த வாரம் என்றாலும் பரவாயில்லை.

பூவை எப்போதும் துல்லியமாக ஃபோகஸ் செய்ய வேண்டும் என்பதில்லை. பறவையின் இறகுகளே விவரமாகத் தெரியும் படத்தில் பூவும் கூர்மையாக வந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அபெர்ச்சரை (லென்ஸின் துவாரத்தை) நன்றாகத் திறந்து, ஃபோகஸைத் தள்ளி, வெறும் நிறமாக எடுத்துவிடுவேன்.

போட்டிக்கு அனுப்புவதானால் ஒன்று: சர்வதேசப் புகைப்படக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ.பி., அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ. ஆகியவற்றின் விதிகளில் நேச்சர் பிரிவுக்கு இப்படிச் சேர்த்த படங்கள் செல்லாது, கேமராவுக்குள்ளேயே சேர்த்திருந்தாலும் சரி. கிரியேட்டிவ் பிரிவு இருந்தால் அதில் போடுங்கள்.