தாத்தா டைரியில் நம்பர் இருக்கிறது, பத்திரத்தைக் காணோம்

கேள்வி: என் தாத்தா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். 2004 ஜூனில் என் பெயரிலும் தம்பி பெயரிலும் ஆளுக்கு 5,000 ரூபாய்க்கு கும்பகோணம் தபால் ஆபீசில் கிசான் விகாஸ் பத்திரம் வாங்கியதாக அவர் டைரியில் எழுதியிருக்கிறார். நம்பரும் இருக்கிறது. அப்போது எனக்கு 8 வயது. 2011-இல் தாத்தா இறந்துவிட்டார். அதே டைரியில் ‘இ.வி.ப. 1996, பாப்பாவுக்கு’ என்று இன்னொரு வரி. பத்திரம் எதுவும் எங்களிடம் இல்லை. தாத்தாவின் டிரங்குப் பெட்டி சித்தப்பா வீட்டில் இருக்கிறது. கேட்டால், “அது அப்பா பணம், எல்லாருக்கும் பங்கு உண்டு” என்கிறார். இத்தனை வருடம் கழித்துப் பணம் கிடைக்குமா?

பதில்: கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘இ.வி.ப.’ என்பது இந்திரா விகாஸ் பத்திரம். 1986-இல் வந்து 1999-இல் நின்றுபோன திட்டம். அந்தப் பத்திரத்தில் வாங்கியவர் பெயரே இருக்காது. யார் கையில் இருக்கிறதோ அவருக்குப் பணம், ரூபாய் நோட்டு மாதிரி. தொலைந்தால் நகல் கிடையாது. தொலைந்த இந்திரா விகாஸ் பத்திரத்துக்குப் பணம் கேட்டு ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2006-இல் முடியாது என்று தீர்ப்பாகிவிட்டது. எனவே அந்தத் தாள் பெட்டியில் கிடைத்தால்தான் உண்டு. அதற்காக அலையாதீர்கள்.

கிசான் விகாஸ் பத்திரம் அப்படியல்ல. அது பெயரில் பதிவாகும். தாத்தா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த விண்ணப்பம், பத்திர வரிசை எண், பதிவு எண், யாருக்காக வாங்கியது என்ற விவரம் எல்லாம் தபால் ஆபீஸ் பதிவேட்டில் ஏறியிருக்கும். காகிதம் கரையான் அரித்துப் போனாலும் கடன்பட்டவர் அரசுதான். உங்கள் தாத்தா நம்பரைக் குறித்து வைத்தது பெரிய உதவி. என்னிடம் வருகிறவர்கள் பலர் “ஏதோ பச்சைக் கலர் பேப்பர் சார்” என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

2004 ஜூனில் வாங்கிய பத்திரத்தில் போட்ட பணம் இரட்டிப்பாக 8 வருடம் 7 மாதம். அதாவது 2013 ஜனவரியில் ஆளுக்கு 10,000 ஆகியிருக்க வேண்டும். அதன் பிறகு அது மறுபடி இரட்டிப்பாகாது. முதிர்வுக்குப் பிந்தைய வட்டி சேமிப்புக் கணக்கு வட்டி அளவில்தான், அதுவும் விதியில் சொன்ன காலத்துக்கு மட்டும். யாராவது ‘இப்போது 50,000 வரும், வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடுங்கள்’ என்றால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இங்கே ஒரு சிக்கல். முதிர்ந்த சமயத்தில் உங்களுக்கு வயது 16 அல்லது 17, சட்டப்படி மைனர். மைனர் பெயரில் உள்ள பத்திரத்தை அப்பாவோ அம்மாவோ பணமாக மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. ‘பிள்ளை உயிரோடு இருக்கிறது, இன்னும் மைனர்தான், பணம் அதன் உபயோகத்துக்குத்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். உங்கள் பள்ளிக் கட்டணத்துக்கு அப்பா எப்போதோ மாற்றியிருக்கலாம். இன்னொன்று, இந்தப் பத்திரங்களை வங்கியில் கடனுக்கு ஈடாகவும், அரசு ஒப்பந்தத்துக்கு டெபாசிட்டாகவும் அடகு வைப்பது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். ஆகவே தபால் ஆபீசுக்குப் போகும் முன் வீட்டில் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து பேசுங்கள். பாதி மர்மம் அங்கேயே தீரும். வக்கீலான என்னிடம் வந்த ஒருவர் ஆறு மாதம் மனு எழுதிக்கொண்டிருந்தார். பத்திரம் அவருடைய பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஃபைலில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

சரி, வீட்டில் துப்புக் கிடைக்கவில்லை. வாங்கிய தபால் ஆபீசுக்கே போங்கள். துணை அஞ்சலகமாக இருந்து மூடிவிட்டிருந்தால், அதன் தலைமை அஞ்சலகத்தைக் கேளுங்கள். கவுண்டரில் வாய்மொழியாகக் கேட்டால் “பழைய ரெக்கார்டு சார், பார்க்கணும்” என்பார்கள். போஸ்ட் மாஸ்டருக்கு மனு எழுதி, டைரிப் பக்கத்தின் நகலை இணைத்து, இன்னொரு பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியது: இந்த எண் பத்திரம் யார் பெயரில் உள்ளது, பணமாக்கப்பட்டதா, ஆகியிருந்தால் எந்தத் தேதியில், யார் கையெழுத்தில், அடகு இருக்கிறதா. பத்திரத்தை ஏஜென்ட் மூலம் வாங்கியிருந்தால் அவர் பெயரையும் எழுதுங்கள்.

ஒரு மாதம் பார்த்தும் பதில் இல்லையா? தகவல் உரிமைச் சட்டத்தில், அந்த அஞ்சல் கோட்டத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அதே கேள்விகளை அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஒரு நுணுக்கம்: தம்பி பத்திரத்தைப் பற்றி நீங்கள் கேட்டால் ‘மூன்றாம் நபர் விவரம்’ என்று தட்டிவிடலாம். ஆளுக்கொரு மனு, ஆளுக்கொரு ஆதார் நகல்.

பத்திரம் பணமாகவில்லை என்று தெரிந்தால் மீதி வேலை சுலபம். நீங்கள் இப்போது மேஜர், உங்கள் கையெழுத்துதான் செல்லும். தொலைந்ததற்கு மனு, ஜாமீன்தாரர்களோடு இழப்பீட்டு உறுதிப் பத்திரம், அடையாளச் சான்று கேட்பார்கள். நம் ஊரில் பெரிய தலைவலி பெயர்தான். வீட்டில் கூப்பிடும் பெயரில் தாத்தா வாங்கியிருப்பார், அல்லது இனிஷியல் மாறியிருக்கும். பிறப்புச் சான்று, பள்ளி டி.சி., இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு அபிடவிட், இவற்றைத் தயாராக வைத்திருங்கள்.

‘பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போய்விட்டது’ என்று பதில் வந்தாலும் பயப்பட வேண்டாம். பல ஆண்டுகள் யாரும் கேட்காத சிறுசேமிப்புத் தொகையை அந்த நிதிக்கு மாற்ற 2015 நிதிச் சட்டம் வழி செய்தது. நிதியில் சேர்ந்த நாளிலிருந்து 25 ஆண்டுக்குள் உரியவர் கேட்டு வாங்கலாம். அதன் பிறகுதான் அரசுக்குச் சொந்தம். அதற்கும் அதே தபால் ஆபீஸ்தான் வாசல். கேட்பாரற்ற டெபாசிட்டைத் தேட உதவும் ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். அது வங்கி டெபாசிட்டுக்கு மட்டும், தபால் ஆபீஸ் அதில் வராது.

இனி சித்தப்பா. பத்திரம் உங்கள் பெயரில் வாங்கப்பட்டிருந்தால் அது தாத்தா அன்றே உங்களுக்குக் கொடுத்துவிட்ட பணம். அவர் சொத்துக்கணக்கில் அது வராது, பங்கு கேட்க இடமில்லை. ஆனால் தாத்தா தன் பெயரில் வாங்கி உங்களை நாமினியாக மட்டும் போட்டிருந்தால், சித்தப்பா சொல்வது சரி. நாமினி பணத்தை வாங்கலாம், வாரிசுகளுக்குப் பிரித்துத் தரவேண்டும்; 2000-ஆம் ஆண்டில் தேசிய சேமிப்புப் பத்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. உங்கள் பெயரில் வாங்கியதாக டைரியில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து இதில் எது என்று முடிவு கட்ட முடியாது. பதிவேடுதான் இதைத் தீர்க்கும்.

அதனால் அவருக்கு இப்போதே வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். 20,000 ரூபாய்க்கு ஒரு குடும்பத்தை நீதிமன்றப் படி ஏற்றுவதில் எனக்கு விருப்பமில்லை, கட்டணம் எனக்கே வந்தாலும். தபால் ஆபீஸ் பதில் வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பாவோடு போய், சித்தப்பா முன்னாலேயே பெட்டியைத் திறந்து பாருங்கள். அப்போது அந்தப் பெயரில்லாத 1996 தாளையும் தேடுங்கள். கிடைத்தால் போட்டோ எடுத்த பிறகே பெட்டியை மூடுங்கள்.