டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையர்: கேள்வி பதில்

பாலிடெக்னிக் மாணவர், மார்த்தாண்டம்: ஐயா, டிஃபரென்ஷியல் ஆம்ப்ளிஃபையரில், அதாவது இரண்டு டிரான்சிஸ்டர்களின் பேஸ்களுக்கு வரும் சிக்னல்களின் வேறுபாட்டைப் பெருக்கும் சர்க்யூட்டில், ஒரு டிரான்சிஸ்டரின் பேஸில் மட்டும் சிக்னல் கொடுத்தாலும், மற்றதன் கலெக்டரிலும் வெளியீடு வருவது எப்படி?

பதில்: டிரான்சிஸ்டருக்கு மூன்று முனைகள்: சிக்னல் நுழையும் பேஸ், வெளியீடு எடுக்கும் கலெக்டர், எமிட்டர். இரண்டு எமிட்டர்களும் சேரும் இடத்திலிருந்து மைனஸ் 12 வோல்ட்டுக்கு இறங்கும் ரெசிஸ்டரை முதலில் பாருங்கள், இந்தச் சர்க்யூட்டின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது. பேஸ்கள் இரண்டும் பூஜ்ஜியத்தில் இருக்கையில் எமிட்டர் முனை ஏறத்தாழ மைனஸ் 0.65 வோல்ட்டில் நிற்கும். ரெசிஸ்டர் 11 கிலோ ஓம் என்றால் அதில் சுமார் 1 மில்லியாம்பியர் ஓடும். அதை இரண்டு டிரான்சிஸ்டர்களும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும். பேஸுக்கு வரும் சில மில்லிவோல்ட்டால் இந்த மொத்தம் பெரிதாக மாறாது என்பதால், ஒன்று கூடுதலாக எடுத்தால் மற்றதற்கு அதே அளவு குறைந்தே தீரும். ஒரு பேஸை 10 மில்லிவோல்ட் உயர்த்தினால் ஏறத்தாழ 0.1 மில்லியாம்பியர் இடம் மாறும். கலெக்டர் ரெசிஸ்டர்கள் 10 கிலோ ஓம் என்றால் ஒரு கலெக்டர் 1 வோல்ட் இறங்க, மற்றது 1 வோல்ட் ஏறும். பெருக்கம் சுமார் 100 மடங்கு. வேறுபாடு 100 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் ஒரே டிரான்சிஸ்டர் அநேகமாக முழு மின்னோட்டத்தையும் எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் பெருக்கம் இல்லை.

மைக் செட் வைத்திருப்பவர், தக்கலை: கோயில் கொடையில் சீரியல் லைட் வயரை ஒட்டியே மைக் கேபிள் போகிறது. பேலன்ஸ்டு கேபிளில் மட்டும் இரைச்சல் வராதது ஏன்?

பதில்: பேலன்ஸ்டு கேபிளில் இரண்டு சிக்னல் கம்பிகள் உண்டு; அவை மேற்சொன்னது போன்ற சர்க்யூட்டின் இரண்டு பேஸ்களுக்குப் போகின்றன. மின்சார லைனின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் ஏறுகிறது. பேஸ்கள் சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே இறங்குவதால் பங்கீடு மாறுவதில்லை. எமிட்டர் முனையும் கூடவே நகர்வதால் மொத்த மின்னோட்டம் சிறிதளவு அசையும். மேற்சொன்ன சர்க்யூட்டில் இந்த இரைச்சலுக்குப் பெருக்கம் 0.45 மடங்கு மட்டுமே. எமிட்டர் ரெசிஸ்டருக்குப் பதிலாக மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் கான்ஸ்டன்ட் கரண்ட் சோர்ஸ் வைத்தால் அதுவும் மிகக் குறையும். ஆனால் மைக் பிளக்கில் சிக்னல் கம்பிகள் சேரும் 2, 3 முனைகளில் ஒன்றின் பற்றவைப்பு விட்டுப்போனால் சமநிலை கெட்டு, இரைச்சல் உடனே கேட்கும். பழுது பார்க்கையில் முதலில் அதைச் சோதியுங்கள்.

எலெக்ட்ரானிக்ஸ் ஆர்வலர், குளச்சல்: ஜன்னல் காற்று பட்டாலே வெளியீட்டு வோல்டேஜ் நகர்கிறதே?

பதில்: வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் சுமார் 2 மில்லிவோல்ட் குறையும். ஒரு டிரான்சிஸ்டர் மட்டும் ஒரு டிகிரி குளிர்ந்தால், கலெக்டரில் அது 0.2 வோல்ட்டாகத் தெரியும். இரண்டும் ஒரே வெப்பத்தில் இருக்க, இரண்டு பிசி547 டிரான்சிஸ்டர்களின் தட்டையான முகங்களை ஒன்றோடொன்று ஒட்டி, மேலே ஸ்லீவ் மாட்டுங்கள். அதுவும் போதாவிட்டால், ஒரே சிலிக்கான் துண்டில் ஜோடி அமைந்த சிஏ3046 போன்ற ஐசியைப் பயன்படுத்துங்கள்.