‘எல்லோரும்தானே எடுத்தார்கள்?’ – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

விளையாட்டில் நேர்மை பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையில், அமெரிக்க சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கை ‘மோசடிக்காரர்’ என்ற ஒரே சொல்லில் கடந்து போயிருந்தீர்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. 2005-ல் என் அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கீமோதெரபி நாட்களில் அவருக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது, புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த ஆம்ஸ்ட்ராங்கின் கதையைத்தான். ஆம்ஸ்ட்ராங்கின் புற்றுநோய் அறக்கட்டளை வெளியிட்ட, நண்பன் கொண்டுவந்து கொடுத்த மஞ்சள் ரப்பர் பட்டையை அப்பா கையில் மாட்டிக்கொண்டிருந்தார். அது இன்றும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அவர் ஊக்கமருந்து எடுத்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் எல்லோரும்தானே எடுத்தார்கள்? எல்லோரும் எடுத்த இடத்தில், டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஏழு முறை முதலில் வந்தவர் திறமைசாலி இல்லையா? பறித்த பட்டங்களை இரண்டாவதாக வந்தவர்களுக்குக் கொடுக்க முடியாமல் காலியாக விட்டுவிட்டார்களே, அதுவே இதற்குச் சாட்சி அல்லவா? அந்தப் பட்டையை நான் தூக்கி எறிய வேண்டுமா?

பெயர் வெளியிட வேண்டாம்,
சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு நாட்கள் கையில் வைத்திருந்துவிட்டு இந்தப் பதிலை எழுதுகிறேன். ஒரே சொல்லில் கடந்து போனது என் பிழைதான். உங்கள் அப்பாவின் கையில் இருந்த பட்டையை மனதில் வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் நான் இன்னும் பொறுப்போடு விளக்கியிருப்பேன். அந்தக் கடமையை இப்போது செய்ய முயல்கிறேன்.

நீங்கள் சொல்வதில் எது உண்மையோ அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்க ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2012 அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையிலேயே உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 1999 முதல் 2005 வரை டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் பரிசு மேடை ஏறும் முதல் மூன்று இடங்கள் மொத்தம் 21. அவற்றில் 20 இடங்களுக்கு உரியவர்கள் ஏதோ ஒரு விதத்தில் ஊக்கமருந்தோடு தொடர்புபடுத்தப்பட்டவர்கள். ஆகவே சர்வதேச சைக்கிள் சம்மேளனம் அந்த ஏழு ஆண்டுகளின் பட்டங்களை யாருக்கும் கொடுக்காமல் விட்டதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கு மேடை ஏறியவர்களை மட்டுமே எண்ணுகிறது. மேடைக்கு அருகில்கூட வர முடியாதபடி வெளியேற்றப்பட்டவர்களை எந்த அறிக்கையாலும் எண்ணிச் சொல்ல முடியாது. ‘எல்லோரும்’ என்று நாம் சொல்லும்போது, மிஞ்சி நின்றவர்களை மட்டும் பார்த்துவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறோம்.

அதற்குள் போகுமுன், எல்லோரும் ஒரே மருந்தை எடுத்தால் போட்டி சமமாகிவிடும் என்ற எண்ணத்தைப் பார்த்துவிடுவோம். அந்தக் காலத்தின் முக்கியமான மருந்து எரித்ரோபொயட்டின். சைக்கிள் உலகத்தில் அதை இபிஓ என்பார்கள். நம் சிறுநீரகம் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன் அது. எலும்பு மஜ்ஜையைத் தூண்டிச் சிவப்பணுக்களை உண்டாக்கும். எனக்கு அது செய்தித்தாளில் படித்த பெயர் மட்டும் அல்ல. என் தாயார் டயாலிசிஸ் செய்துகொண்ட காலத்தில், சிறுநீரகம் செயலிழந்ததால் வந்த ரத்தசோகைக்கு அந்த ஊசியைத்தான் போட்டார்கள். மருந்துக்கடையில் ஐஸ் கட்டி வைத்துக் கட்டிக் கொடுப்பார்கள். நான் அதை ஒரு தெர்மாஸ் குடுவைக்குள் போட்டு, வெயில் படாமல் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, குளிர்பதனப் பெட்டியில் பால் பாக்கெட்டுக்குப் பின்னால் நிறுத்துவேன். இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அம்மா, சில வாரங்களில் மாடிக்குத் தானாக ஏறிப்போய்த் துணி உலர்த்தினார். அந்தச் சின்னக் குப்பிக்குள் இருக்கும் சக்தி எவ்வளவு என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும் 25 வயது வீரன் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு ஆல்ப்ஸ் மலையில் சைக்கிள் மிதித்தால் என்ன ஆகும் என்பதைக் கற்பனை செய்ய எனக்குப் பெரிய சிரமம் இல்லை.

இபிஓவைச் சிறுநீரில் கண்டுபிடிக்கும் சோதனை 2000-ஆம் ஆண்டு வரை நடைமுறைக்கு வரவில்லை. அதனால் 1997 முதல் சம்மேளனம் ஒரு தற்காலிக வரம்பை வைத்திருந்தது. ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் ஹீமாடோக்ரிட் அளவு 50 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வீரர் பந்தயத்தில் ஓடக் கூடாது. இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். பிறவியிலேயே 48 சதவீதம் உள்ளவருக்கு மருந்தால் கிடைக்கக்கூடிய லாபம் இரண்டு புள்ளி. 40 சதவீதம் உள்ளவருக்கோ பத்துப் புள்ளி. இயற்கை ஒருவருக்குக் கொடுத்திருந்த அனுகூலம் அங்கே அழிந்துபோகிறது. மருந்துக்கு யாருடைய உடல் நன்றாக இசைந்து கொடுக்கிறதோ, யாரிடம் வரம்பைத் தாண்டாமல் அளவு பார்த்து ஏற்றத் தெரிந்த மருத்துவர் இருக்கிறாரோ, அவர் முன்னுக்கு வருகிறார். ஆம்ஸ்ட்ராங்கிடமிருந்து இத்தாலிய மருத்துவர் மிகேலே ஃபெராரிக்குப் போன தொகை பத்து லட்சம் டாலருக்கு மேல் என்று அந்த அறிக்கை சொல்கிறது. எல்லா வீரர்களிடமும் ஒரு ஃபெராரி இருக்கவில்லை. ஆகவே மருந்து எடுத்தவர்களுக்குள்ளேயே ஆட்டம் சமமாக இல்லை.

இனி மருந்து எடுக்காத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கிறிஸ்டோஃப் பாஸோன் என்ற பிரெஞ்சு வீரர் 1990-களின் பிற்பகுதியில் ஃபெஸ்டினா அணியில் இருந்தார். 1998 டூர் தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன், அந்த அணியின் உதவியாளர் வில்லி வோயெட் ஓட்டிவந்த காரை பெல்ஜியம் எல்லையில் சுங்கத்துறையினர் நிறுத்தினார்கள். உள்ளே இபிஓவும் வளர்ச்சி ஹார்மோனும் நூற்றுக்கணக்கான குப்பிகளில் இருந்தன. அணி பாதிப் பந்தயத்திலேயே வெளியேற்றப்பட்டது. அதைத் தொடர்ந்த விசாரணையில், பாஸோன் மருந்து எடுக்காதவர் என்பதை அவருடைய அணிக்காரர்களே சொன்னார்கள். எடுத்திருந்தால் சம்பளம் பல மடங்கு உயர்ந்திருக்கும். அவர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

அடுத்த ஆண்டு, வேறு அணிக்கு மாறி, 1999 டூரில் ஓடிக்கொண்டே அவர் ஒரு பிரெஞ்சு நாளிதழில் பத்தி எழுதினார். வேகம் ஒன்றும் குறையவில்லை, மருந்து இல்லாமல் இந்த வேகம் வராது என்ற அளவில்தான் எழுதினார். அது ஆம்ஸ்ட்ராங் முதல்முறை வென்ற டூர். ஜூலை 14 அன்று ஆல்ப் துயே மலைக்கு ஏறும் கட்டம். முதல் 100 கிலோமீட்டரை மெதுவாக ஓட்டுவது என்று வீரர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டார்கள். பாஸோனிடம் யாரும் சொல்லவில்லை. அணியின் மெக்கானிக் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. கோபத்தில் அவர் கூட்டத்தை விட்டு முன்னால் பாய்ந்தார். எல்லா அணிகளும் சேர்ந்து துரத்தி அவரைப் பிடித்தன. அப்போது ஆம்ஸ்ட்ராங் பக்கத்தில் வந்து, எல்லோரும் பார்க்கும்படி அவர் தோளில் கை வைத்து, நீ பேசுவது சைக்கிள் பந்தயத்துக்குக் கெடுதல் என்றார். அடுத்த தலைமுறை வீரர்களுக்காகத்தான் பேசுகிறேன் என்றார் பாஸோன். அப்படியானால் நீ போய்விடேன் என்பது ஆம்ஸ்ட்ராங்கின் பதில். இதை ஆம்ஸ்ட்ராங் மறைக்கவும் இல்லை. பாஸோன் வீட்டுக்குப் போவதே நல்லது என்று அன்றே தொலைக்காட்சியிலும் சொன்னார். இரண்டு நாள் கழித்து பாஸோன் பந்தயத்தை விட்டு வெளியேறினார். 2001-ல் தொழில்முறை ஓட்டத்தையே நிறுத்திவிட்டு, பிற்பாடு பிரெஞ்சு விளையாட்டு அமைச்சகத்தில் ஊக்கமருந்துத் தடுப்புப் பணிக்குப் போனார்.

இதன் கொடுமையை முழுதாக உணர, சைக்கிள் பந்தயம் நடக்கும் விதத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டமாக ஓட்டும்போது முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுக்கிறார். பின்னால் வருகிறவருக்கு உழைப்பு வெகுவாகக் குறைகிறது. மூன்று வாரம், மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடும் பந்தயத்தில் ஒருவர் தன் கால் பலத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. பக்கத்தில் ஓட்டுகிறவன் இடம் விட வேண்டும், முறை வைத்து முன்னால் வந்து காற்றை வாங்க வேண்டும், தாகத்துக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்ட வேண்டும். நம் ஊர்களில் ஒரு குடும்பத்தை ஊர்விலக்கம் செய்தால் கிணற்றில் தண்ணீர் எடுக்கவும் கடையில் சாமான் வாங்கவும் முடியாமல் போகுமே, அதேதான் பாஸோனுக்கு நடந்தது. ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. ஒத்து ஓட மறுத்தவனை அந்த ஊர் என்ன செய்தது என்பதையும் சேர்த்துத்தான் ‘எல்லோரும் எடுத்தார்கள்’ என்ற வாக்கியத்தை எடைபோட வேண்டும். எடுக்காதவர்களைத் துரத்திவிட்ட பிறகு எஞ்சியவர்கள் எல்லோரும் எடுத்தவர்களாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

ஆம்ஸ்ட்ராங்கின் மீது எனக்கிருக்கும் கடுமை அவர் ஊசி போட்டுக்கொண்டதால் வந்தது அல்ல. அந்த வயதில், அந்தச் சூழலில், பலர் ஊசிக்கு இணங்கியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அவர்களில் சிலர் பிறகு அழுதுகொண்டே அதை ஒப்புக்கொண்டார்கள். அவர் மற்றவர்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எம்மா ஓரெய்லி என்ற அயர்லாந்துப் பெண் அவருடைய அணியில் மசாஜ் உதவியாளராக இருந்தார். 1999 டூரில் ஆம்ஸ்ட்ராங்கின் மாதிரியில் கார்டிசோன் வகை மருந்து தென்பட்டபோது, சைக்கிள் இருக்கை உராய்ந்து வந்த புண்ணுக்குப் பூசிய களிம்பு என்று காட்ட முன்தேதியிட்டு ஒரு மருந்துச் சீட்டு தயாரிக்கப்பட்டதை அவர் அறிந்திருந்தார். சில ஆண்டுகள் கழித்து ஒரு பத்திரிகையாளரிடம் அதைச் சொன்னார். அதற்காக அவர் மேல் வழக்கு பாய்ந்தது. குடிகாரி என்றும் அதைவிடக் கேவலமாகவும் ஆம்ஸ்ட்ராங் பேசினார். 2013 ஜனவரியில் ஓப்ரா வின்ஃப்ரியின் தொலைக்காட்சி நேர்காணலில், அந்தப் பெண் மேல் வழக்குப் போட்டீர்களா என்று கேட்டபோது, எத்தனையோ பேர் மேல் போட்டோம், அவர் மேலும் போட்டிருப்போம் என்ற பொருளில் பதில் சொன்னார். உண்மை சொன்ன ஒருத்தி தன் வாழ்நாளில் இரண்டு மூன்று ஆண்டுகளை வக்கீல் கடிதங்களுக்குப் பயந்து கழித்திருக்கிறாள். பயமுறுத்தியவருக்கு அது நினைவில்கூடத் தெளிவாக இல்லை.

2004-லும் அப்படித்தான். பிலிப்போ சிமியோனி என்ற இத்தாலிய வீரர் மருத்துவர் ஃபெராரிக்கு எதிராகச் சாட்சி சொன்னவர். டூரின் 18-ஆம் கட்டத்தில் அவர் ஒரு சிறு குழுவோடு சேர முன்னால் போனபோது, முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையில் பெரும் முன்னிலையில் இருந்த, அவரைத் துரத்த எந்தத் தேவையும் இல்லாத ஆம்ஸ்ட்ராங் தானே பின்தொடர்ந்து போய் அவரைத் திரும்பவைத்தார். பிறகு கேமராவைப் பார்த்து, உதட்டின் மேல் ஜிப் இழுப்பதுபோல் விரலை இழுத்துக் காட்டினார். எத்தனையோ பேர் நேரலையில் பார்த்தார்கள். அன்று நானும் பார்த்தேன். சாம்பியனின் விளையாட்டுக் குறும்பு என்று நினைத்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

நம் நாட்டிலிருந்தும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023 செப்டம்பரில் தில்லியில் நடந்த மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்துச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற செய்தி பரவியதும், ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மற்ற தடங்கள் காலி. வராதவர்கள் எல்லோரும் மருந்து எடுத்தவர்கள் என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் ‘எல்லோரும்தானே’ என்று ஒரு பயிற்சியாளர் பதினெட்டு வயதுப் பையனிடம் சொல்லும்போது, தனியாக ஓடி முடித்த அந்த ஒருவரை அவர் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996-ல் வந்த புற்றுநோய் பொய் அல்ல. அது நுரையீரலுக்கும் மூளைக்கும் பரவியிருந்ததும், அதிலிருந்து அவர் மீண்டதும் பொய் அல்ல. மீட்டது கீமோதெரபியும் அறுவை சிகிச்சையும். உங்கள் அப்பாவுக்கு நீங்கள் சொன்ன கதையில் அந்தப் பகுதி முழுக்க உண்மை; அதைச் சொல்ல அந்த நாட்களில் தினமும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தவர் நீங்கள். அந்தப் பட்டை உங்கள் அப்பாவின் கையில் இருந்தது. அதைத் தூக்கி எறியாதீர்கள்.

அன்புடன்.