மேட்டில் என்ன இருக்கிறது?

கேள்வி: என் மகன் பழைய வீடியோ கேம் ஒன்றை வாங்கி டிவியில் மாட்டியிருக்கிறான். எக்சைட்பைக் என்று பெயராம். பைக் ஓடுகிறது, மேடு வருகிறது, விழுகிறான். மறுபடி ஓடுகிறான், மறுபடி மேடு. ஞாயிற்றுக்கிழமை பூராவும் இதே வேலை. வெறும் மேட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?
(ஒரு வாசகர், திங்கள்சந்தை)

பதில்: மேட்டில் என்ன இருக்கிறது என்று திங்கள்சந்தைக்காரர் கேட்கலாமா? தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து ஆள் கேட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன். அங்கே வயல் பாய் விரித்த மாதிரி கிடக்கும். அதே குமரி மாவட்டத்தின் கல்குளமும் விளவங்கோடும் அப்படியா? வாசலைத் தாண்டினால் ஏற்றம், பள்ளிக்கூடம் போக இறக்கம், சந்தைக்குப் போக மறுபடி ஏற்றம். சிறு குன்றுக்குப் பொற்றை என்று தனிச் சொல்லே வைத்திருக்கிற ஊர் நம்முடையது.

அந்த விளையாட்டின் உயிரே மேட்டில்தான் இருக்கிறது. இடது பக்கம் அமுக்கினால் முன் சக்கரம் தூக்கும், வலது பக்கம் அமுக்கினால் தாழும். மேட்டிலிருந்து கிளம்பி அந்தரத்தில் இருக்கும் அந்த ஒரு நொடியில், இறங்கப்போகும் சரிவுக்கு இரண்டு சக்கரமும் ஒத்துப்போகிற மாதிரி வண்டியைச் சாய்த்து வைக்க வேண்டும். சரியாக வைத்தால் வேகம் குறையாமல் பாயும். முன் சக்கரம் குத்தினால் ஆள் உருண்டு ஓரத்துக்குப் போய்விடுவான். அங்கிருந்து எழுந்து ஓடி வந்து வண்டியை எடுக்க வேண்டும். ஜப்பானிய கேம் கம்பெனியான நின்டெண்டோவின் ஷிகெரு மியாமோட்டோ 1984ல் செய்தது இது. சூப்பர் மாரியோ அதற்கு அடுத்த வருடம்தான். வேகத்துக்கு இரண்டே பட்டன், ஒன்று சாதாரணம், ஒன்று டர்போ. டர்போவை விடாமல் அமுக்கினால் இன்ஜின் சூடேறி வண்டி ஓரமாக நின்றுவிடும். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் இரண்டு பேரும் ஒரு பலாச்சக்கையுமாகப் பேச்சிப்பாறை ஏற்றம் ஏறியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

சரி, மேடு என்று எழுதிவிட்டீர்கள். இனி நான் வேகத்தடையைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது.

ரோடுகளுக்கு அளவு வகுக்கிற அமைப்பான இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வேகத்தடைக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், நடுவில் உயரம் 10 சென்டிமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கினால் இடுப்புக்கு ஒன்றும் ஆகாது. முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும், மேட்டின் மேல் பெயிண்ட் கோடு வேண்டும். நான் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு மேடு இருக்கிறது. மகளின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் குத்தவைத்து அளந்தேன். உயரம் 17 சென்டிமீட்டர். அகலம் என் கையால் இரண்டு முழம். பலகை கிடையாது, பெயிண்ட் கிடையாது. நிறமும் ரோட்டின் நிறம்தான். போன மாசம் விடியற்காலை ஒரு அக்கா மீன் பெட்டியோடு மொபெட்டில் வந்து அதில் ஏறிவிட்டார். பெட்டி கவிழ்ந்து ரோடு முழுக்கச் சாளை. முழங்கையில் ரத்தம் வழிய, ஐஸோடு சேர்த்து மீனை அள்ளிக்கொண்டே, "கண்ணுக்குத் தெரியல்ல மக்கா, தெரிஞ்சா நிறுத்தியிருக்க மாட்டேனா" என்று கேட்டார். அவரிடம் நான் என்ன சொல்ல?

மூன்று இதழுக்கு முன்பு, "மேடு இல்லாவிட்டால் பையன்கள் பறப்பார்கள்" என்று, வேகத்தடை பற்றி நான் எழுதியதற்குப் பதில் எழுதிய குலசேகரம் வாசகரே, இந்தப் பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான். மேடு வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. பள்ளிக்கூட வாசலில் கட்டாயம் வேண்டும். அது கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன், அளவோடு இருக்க வேண்டும் என்கிறேன். நாற்பது வருடத்துக்கு முந்தைய விளையாட்டில்கூட மேடு டிவியின் வலது ஓரத்தில் முதலில் தலைகாட்டிவிட்டுத்தான் பக்கத்தில் வருகிறது. தயாராக நேரம் கொடுக்கிறது. விழுந்தால் அது நம் கைப்பிழை. அந்த அக்காவின் கையில் என்ன பிழை?

திங்கள்சந்தைக்காரரே, உங்களிடம் திரும்ப வருகிறேன். அந்த விளையாட்டில் டிசைன் என்று ஒரு பகுதி உண்டு, பையன் காட்டினானா? அதில் ரோட்டை நாமே போடலாம். ஏ முதல் எஸ் வரை 19 எழுத்து. ஒவ்வொன்றும் ஒரு மேடு அல்லது சேறு அல்லது வேறொரு தடை. ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டியதுதான்.

தொண்ணூறுகளில் மஸ்கட்டிலிருந்து மாமா கொண்டுவந்த கேம் பெட்டியில், பல கேம்கள் அடங்கிய மஞ்சள் கேசட்டில் எங்களுக்கு இது கிடைத்தது. நானும் தம்பியும் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் உள்ள ஏற்ற இறக்கத்தை அப்படியே போட்டோம். மெனுவில் ஸேவ் என்று இருந்தது. அமுக்கினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஜூன் மாசம். எங்கேயோ ரப்பர் மரம் கம்பியில் சாய்ந்து கரண்ட் போனது. எங்கள் ரோடும் போனது. தம்பி அன்று ராத்திரி சோறு உண்ணவில்லை.

ஸேவ் ஏன் வேலை செய்யவில்லை என்று எனக்குத் தெரிய இருபது வருடம் ஆனது. ஜப்பானில் அந்தப் பெட்டியோடு சேர்க்க நிஜமான டேப் ரெக்கார்டர் ஒன்று விற்றார்கள். பாட்டுக் கேட்கிற அதே கேசட்டில் ரோட்டைப் பதிந்து வைக்கலாம். அந்த ரெக்கார்டர் ஜப்பானை விட்டு வெளியே விற்கப்படவில்லை. அமெரிக்காவில் விற்ற விளையாட்டிலும் மெனுவில் ஸேவ் இருந்தது, வேலை செய்யவில்லை. பெட்டியில் செருகுகிற கேம் அட்டையை நாம் கேசட் என்று சொன்னோம். நிஜக் கேசட் தேவைப்பட்ட இடத்தில் அது நம்மிடம் இல்லை.

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அவன் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் வீட்டிலிருந்து சந்தைக்குப் போகிற வழியை இரண்டு பேருமாகப் போடுங்கள். ஒவ்வொரு எழுத்தையும் வைக்கிறபோதே ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதிக்கொண்டு வாருங்கள். கரண்ட் போனாலும் ரோடு போகாது. அந்தக் காகிதத்தை எனக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுகிறேன், குலசேகரம்காரரும் ஓட்டிப் பார்க்கட்டும்.